தெற்கு வரிசை மிளகாய்ச் செடிகள்

3-2-2008, ஞாயிறு

பனி. எட்டு மணி வரை பின்மதில் தெரியவில்லை. பிறகு வெயில். காற்று இல்லை.

மிளகாய்த் தொட்டிகள் 22. தெற்கு மதிலோரம் 8, நடுவில் 8, கிணற்றடியில் 6. நடுவில் சம்பாவும் குண்டும், கிணற்றடியில் காந்தாரி. தெற்கு வரிசை முழுவதும் அஸ்ஸாம் மிளகாய். அண்ணாமலை நகரில் என்னிடம் ஆய்வு செய்யும் அஸ்ஸாம் மாணவி கொடுத்த விதை. காரம் அப்படி: ஒரு பழம் இருந்தால் ஒரு வீட்டுக்கு ஒரு வாரக் குழம்பு.

காலையில் பார்த்தது: தெற்கு வரிசையில் 1, 2, 3, 5, 6, 7, 8 ஆகிய ஏழிலும் இலை வெளிறல். நரம்பு பச்சை, நரம்புகளுக்கு இடையே காகித வெண்மை. இலையின் இரு பக்கமும். தளிர் தப்பியது. கிழட்டு இலை தப்பியது. நடு வயது இலைக்கு மட்டும் சேதம்.

தெ-4இல் ஒரு புள்ளி கூட இல்லை. விதைக்கென்று ஒதுக்கியதால், பனி படாமல் நாள்தோறும் மாலையில் பாலித்தீன் உறை போட்டு மூடும் ஒரே செடி அதுதான்.

வாயு பட்ட சேதத்தை இலை காட்டுவதற்கு ஒன்றரை நாள் ஆகும். ஆகவே இது வெள்ளி மாலை, 1ஆம் தேதி. அன்று தென்கிழக்குக் காற்று. தெற்கே ஒன்றரைக் கிலோமீட்டரில் செம்மங்குப்பம், ரசாயனக் கம்பெனி. சென்ற மாதம் 18ஆம் தேதியும் இதே காற்று, இதே வெண்மை. இரண்டாம் முறை.

ரெஜினாவிடம் கேட்டேன். வெள்ளி மாலை ஏதோ காரலாக வந்ததென்றும், தெற்கு ஜன்னலைச் சாத்தியதாகவும் சொன்னாள். ஏன் கேட்கிறேன் என்று புரிந்ததும், "கொசு வருதேன்னு சாத்தினேன்" என்று மாற்றிக்கொண்டாள். என் மனைவி இருபத்தெட்டு ஆண்டுகளில் எனக்காக ஒரு சொல்லையும் மாற்றியதில்லை. தம்பிக்காக ஒரு நிமிடத்தில்.

தம்பி சவரிமுத்து. கம்பெனியில் ஷிப்டு இன்சார்ஜ், பன்னிரண்டு ஆண்டு. பூசை முடிந்து வழக்கம்போல் மதியச் சாப்பாட்டுக்கு வந்தான். வாசலிலேயே சத்தம்: "சூப்பர்க்கா! கொழம்பு வாசன தெரு மொனையிலயே ஆள இழுக்குது!" பிறகு பின்பக்கம் வந்து தொட்டிகளைப் பார்த்தான்.

"என்னா மாமா, செடிக்கு ஜலதோஷமா?"

"வெள்ளிக்கெழம சாயங்காலம் உன் டூட்டி தான மச்சான்?"

"ஆமா. ரெண்டு டு பத்து."

"கசிஞ்சுதா?"

"ஒண்ணும் கெடையாது. கசிஞ்சா மொதல்ல இந்த மூக்குக்குத் தெரியும், மீட்டருக்கெல்லாம் அப்பறந்தான். பன்னெண்டு வருசமா இத நம்பித்தான் பிளான்ட்டே ஓடுது." மூக்கைத் தட்டிக் காட்டினான். "இது இலைப்பேன் மாமா. மருந்தடிங்க, போயிடும்."

இலைப்பேன் என்றால் இலை மேல்நோக்கிச் சுருளும். இவற்றில் ஒன்றும் சுருளவில்லை. முப்பது ஆண்டுகள் தாவரவியல் கற்பித்தவனிடம் சொல்லப்படும் பொய் இது. முகத்தைப் பார்த்து, சிரித்துக்கொண்டு. ஷிப்டுப் பதிவேட்டிலும் "கசிவு இல்லை" என்று எழுதிக் கையொப்பம் இட்டதாக அவனே சொன்னான்; சென்ற மாதம் 18ஆம் தேதியும் அவன் டூட்டிதானாம்.

மறுசோறு வாங்கிச் சாப்பிட்டான்.

4-2, திங்கள்

செய்தவை: இலை 14 பறித்துச் செய்தித்தாள் மடிப்பில், மேலே இரண்டு அகராதி. ஒவ்வொன்றுக்கும் செடி எண், தேதி, காற்று. தெ-4இலிருந்து பழுதற்ற இலை 2, ஒப்பீட்டுக்கு. வேப்பம் பிண்ணாக்கு, தொட்டிக்கு ஒரு கைப்பிடி. காந்தாரிக்குப் புளித்த மோர்.

தெ-4இன் பழங்கள் ஒன்பது, முறத்தில், மாடியில். விதைக்காக. தெற்கு வரிசையில் நம்பத்தக்க விதை அந்த ஒன்பதுதான்.

15ஆம் தேதி வெள்ளிக்கிழமை கருத்துக் கேட்புக் கூட்டம். கம்பெனி இரண்டாவது பிளான்ட் கட்டப் போகிறது. அதற்கு ஊர் சொல்வதை அதிகாரி கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். புதிய பிளான்ட்டில் ச.வுக்குப் பாதுகாப்பு சூப்பர்வைசர் பதவி. பாதுகாப்பு. அந்தச் சொல்லை இரண்டு முறை எழுதிப் பார்த்தேன்.

இலைகளோடு போவேன்.

6-2, புதன்

திருநீற்றுப் புதன். காலைப் பூசை, நெற்றியில் சாம்பலோடு சிதம்பரம் பேருந்து. செம்மங்குப்பம் வருவதற்கு முன்பே துண்டுகளும் முந்தானைகளும் மூக்குக்கு ஏறின. கண்டக்டர் உரக்க: "செம்மங்குப்பம் எறங்கறவங்க மூக்கப் புடிச்சிக்கினே எறங்கு! தூங்கறவங்கள நான் எழுப்ப மாட்டேன், மூக்கே எழுப்பிடும்!"

இறங்க எழுந்த ஒரு பெண்மணி, கூடையோடு: "நாங்க தெனம் இங்கதான்யா சோறாக்கித் துன்றோம். எங்களுக்கு ஒண்ணும் நாறல. உம் பஸ்சுதான் நாறுது."

பேருந்து முழுவதும் சிரிப்பு. நான் சிரிக்கவில்லை. என்னவோ உறுத்தியது, பிடிபடவில்லை. அதற்குள் ஆலப்பாக்கம்.

துறையில் இலைகளை அட்டையில் ஒட்டினேன். மாணவி கேட்டாள், "சார், மிளகாய் நல்லா காரமா இருக்கா?" இருக்கிறது என்றேன்.

8-2, வெள்ளி

மாலை லேசான கிழக்குக் காற்று. உறை போட்டாயிற்று.

ரெ.வுக்கு இலை அட்டைகள் தெரிந்துவிட்டன. மேசைமேல் இருந்ததைப் பார்த்திருக்கிறாள்.

"இதத் தூக்கிக்கினு கூட்டத்துக்குப் போவப் போறீங்களா?"

"ஆமாம்."

"எங்க அப்பா ஹார்பர்ல மூட்ட தூக்கினவரு. எங்க ஊட்டுல மொத மொதல்ல ஷூ போட்டு வேலைக்குப் போனவன் அவன். அவன் பொழப்புல மண்ணப் போடப் போறீங்க."

"உன் தம்பி பொய் சொல்றான்."

"சொல்லட்டுமே. இப்ப யாரு செத்துட்டா? மொளகாச் செடி தான?"

பதில் இருந்தது, சொல்லும் தரத்தில் இல்லை. மீனில்லாத வெள்ளி. பருப்புக் குழம்பு. இருவரும் வேறு வேறு நேரத்தில் சாப்பிட்டோம்.

10-2, ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுத வேண்டும்.

ச. வந்தான். என்னோடு பேச்சில்லை. "தல பாரமா இருக்குதுக்கா" என்று அக்காவிடம் சொல்லிப் பின்கட்டு அடுப்போரம் உட்கார்ந்தான். நான் மாடிக்குப் போனேன், விடைத்தாள் திருத்த.

ரெ.வுக்கு அது போதும். செடி வாடுகிறது, நாங்கள் இருவரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, தம்பிக்குத் தலைபாரம். பதவி வரப்போகிறதென்று தெருவெல்லாம் தெரிந்ததால் கண் பட்டுவிட்டது என்பது அவள் முடிவு. சுற்றிப் போட மிளகாய் தேவை. சமையல்கட்டு டப்பாவில் மிளகாய் இல்லை. மாடிக்கு வந்தாள், முறத்திலிருந்து ஏதோ எடுத்துக்கொண்டு இறங்கினாள். நான் தலை நிமிரவில்லை. என் பிழை.

அஸ்ஸாம் மிளகாய். ஏழு. கல்லுப்பு, தெருமண்ணோடு. முதலில் சிலுவை போட்டுக்கொண்டிருக்கிறாள், பிறகு தம்பியின் தலையை மூன்று சுற்று, மூன்று துப்பு, கையிலிருந்ததை அடுப்பில் போட்டுவிட்டு, முந்தானையை மூக்கில் அடைத்துக்கொண்டு உள்ளே ஓடிக் கதவைச் சாத்தியிருக்கிறாள்.

மாடியில் எனக்கு மூச்சு நின்றது. இருமல் இல்லை அது. தொண்டையை யாரோ கையால் பிடித்ததுபோல. எதிர்வீட்டு அம்மாள் தெருவில்: "எவ ஊட்லடி மொளகாயக் கொளுத்தறது? கொன்னுடுவீங்களா எங்கள!" பக்கத்து வீட்டு நாய் கூடத் தும்மிக்கொண்டு ஓடியது.

துண்டை நனைத்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன், அவனை வெளியே இழுக்க.

உட்கார்ந்திருந்தான். அடுப்பிலிருந்து இரண்டு முழத்தில். கண்ணிலிருந்து தாரையாக நீர். இருமவில்லை. தும்மவில்லை. மூச்சை ஒழுங்காக இழுத்து விட்டுக்கொண்டிருந்தான், கோயிலில் பிரசங்கம் கேட்பவனைப் போல.

ஜன்னல் வழியாக ரெ., இருமிக்கொண்டே: "டேய், நெடி வருதாடா?"

"கண்ணுதான் எரியுதுக்கா. நெடி ஒண்ணும் இல்ல."

"இல்லியா? பாத்தியா! அம்மாங் கண்ணுடா உம்மேல! எல்லாம் போச்சு இன்னியோட." மகிழ்ச்சியில் குரல் உடைந்தது. "பங்குச் சாமியார்கிட்ட யாரும் சொல்லிடாதீங்க."

நான் அவனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்தான். முதலில் கண்ணை விலக்கியவன் அவன்.

முறத்தில் மிச்சம் இரண்டு பழம்.

11-2, திங்கள்

விடுப்பு எடுத்தேன். காரணம்: தொண்டை. உண்மையும் அதுதான்.

சுற்றப்பட்டவனுக்கு நெடி தெரியாவிட்டால் கண் பட்டிருந்தது என்று பொருள்; அது ரெ.வின் கணக்கு. என் கணக்கு வேறு. அந்த மனிதனுக்கு மூக்கு இல்லை. முகத்தில் இருக்கிறது, உள்ளே இல்லை; தொண்டையும் மரத்துவிட்டது. கண் மட்டும் மிச்சம்.

ஆகவே சென்ற மாதம் 18, இந்த மாதம் 1, இரண்டு மாலையும் அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை என்பது உண்மை. கசிவு இல்லை என்று எழுதியபோது, தெரிந்த கசிவை அவன் மறைக்கவில்லை. இந்தக் குறிப்பேட்டில் அவனைப் பொய்யனாக்கி எழுதியிருக்கிறேன். அந்த வரிகளை அடித்துவிடவில்லை. மூக்கு இருப்பதாகத் தட்டிக் காட்டியது பொய்தானே.

கம்பெனிக்குத் தெரியுமா? தெரியாதென்றால் மடையர்கள். தெரியும் என்றால், கசிவு இல்லை என்று மனசாட்சியோடு கையொப்பம் போட இவனைவிட நல்ல ஆள் அவர்களுக்குக் கிடைக்கமாட்டான். அதற்காகத்தான் பதவியோ?

இந்த இடத்தில் பேனா தாளைக் கிழித்துவிட்டது. வேறு தாள்.

புதன்கிழமை பேருந்தில் உறுத்தியது என்ன என்று இப்போது தெரிகிறது. "எங்களுக்கு ஒண்ணும் நாறல."

12-2, செவ்வாய்

ரெ. பங்கு மாதர் கூட்டத்துக்குப் போனபின் ச.வை வரச் சொன்னேன். வந்தான். காலை ஷிப்டு முடிந்த உடுப்போடு.

பிலிம் சுருள் டப்பா மூன்று வைத்திருந்தேன். காபித்தூள், மண்ணெண்ணெய், தண்ணீர். கண்ணை மூடச் சொன்னேன்.

"எதுக்கு மாமா இதெல்லாம்?"

"மூடு மச்சான்."

காபித்தூள்: "மருந்து." மண்ணெண்ணெய்: நெடுநேரம் இழுத்துப் பார்த்தான். "இது வெறும் தண்ணி." தண்ணீர்: "இது காபி. கரெக்டா?" சிரித்தான். கண்ணைத் திறந்து டப்பாக்களைப் பார்த்த பிறகு சிரிப்பு இல்லை.

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"உங்களுக்கு. என் பொண்டாட்டிக்குக் கூடத் தெரியாது. கொழம்பு வாசன பிரமாதம்னு தெனமும் வாசப்படியிலயே சொல்லிடுவேன், ஒரு நாளும் மாட்டினதில்ல. அக்காகிட்டயும் அதான்."

"எப்பலேருந்து?"

பக்கத்தில் இருந்த தெ-6இல் வெளிறிய ஓர் இலையைக் கிள்ளி, மூக்கருகே கொண்டுபோய், பிறகு போட்டுவிட்டான்.

"வெளிய தெரிஞ்சா மெடிக்கல்ல அன்ஃபிட்னு அடிச்சிடுவாங்க மாமா. பெரியவ மூணாவது வருசம் படிக்கறா."

"உன் ஷிப்டுல எத்தன பேரு வேல பாக்கறாங்க?"

"நாப்பது பேரு."

"நாப்பது பேரும் உன் மூக்க நம்பி நிக்கறாங்க."

டப்பாக்களை ஒவ்வொன்றாக மூடினான்.

சொன்னேன், குரலை உயர்த்தாமல்: வெள்ளிக்கிழமை கூட்டத்தில் அவன் மேடையேறி இரண்டு நாளும் கசிவு இல்லை என்று சொன்னால், நான் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்பேன். என் பையில் ஒரு மிளகாயும் தீப்பெட்டியும் இருக்கும். அவன் ஏறாவிட்டால் இலைகளை மட்டும் பேசுவேன்.

"பேர் குடுத்துட்டாங்க மாமா. ஏறலன்னா அவங்க என் வேலைய எடுப்பாங்க. ஏறினா நீங்க எடுப்பீங்க."

"ஆமாம்" என்றேன்.

போகும்போது காலணியை மாட்டிக்கொண்டே: "அக்காகிட்ட சொல்லாதீங்க. சுத்திப் போட்டதுல சரியாப் போச்சுன்னு சந்தோசமா இருக்குது."

14-2, வியாழன்

காற்று தென்கிழக்கு. வலுவாக.

ஐந்து மணிக்கு உறை. ஆறு மணிக்கு இன்னொரு முறை போய்ப் பார்த்தேன். கட்டு சரியாகத்தான் இருந்தது.

ரெ. பேசுகிறாள், உப்பு வேண்டுமா, தண்ணீர் வேண்டுமா, அவ்வளவு. அவளிடம் சொல்லிவிட்டால் என் பக்கம் வந்துவிடுவாள். ஒரே வாக்கியம் போதும். பத்து முறை வாய் வரை வந்தது. சொல்லவில்லை. வாக்குக் கொடுக்கவும் இல்லை, இருந்தும்.

அட்டைகள் 16, காற்று விவரம் 2 பக்கம், உறை போட்ட செடி பற்றி 1 பக்கம். சட்டைப் பையில் காய்ந்த மிளகாய் ஒன்று, தீப்பெட்டி.

அவன் மேடையேற வேண்டும் என்று விரும்புகிறேன். இதை இங்கே மட்டும்தான் எழுத முடியும். அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும். மேனேஜரின் முகத்தை அப்போது பார்க்க வேண்டும். ச.வின் முகம் அந்தக் காட்சியில் எனக்கு வரவே இல்லை.

15-2, வெள்ளி

கல்யாண மண்டபம். வெயில். மேடையில் மணவறை இருந்த இடத்தில் அதிகாரியின் மேசை, பின்னால் இன்னும் கழற்றாத காகித மாலை.

கம்பெனி ஆட்கள் நான்கு வண்டிகளில். நுழைவிலேயே ஆளுக்கு ஒரு பிரியாணிப் பொட்டலம். தவக்கால வெள்ளி, கறி கூடாது; எங்கள் பங்கைச் சேர்ந்தவர்கள் பொட்டலத்தை மடியில் வைத்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "முட்டைய மட்டும் துன்னலாமா சேவியரு?" "சும்மா இரு, சாமியார் மூணாவது வரிசையில இருக்காரு."

ரெ. பெண்கள் பக்கம். வரமாட்டேன் என்றவள். எனக்கு முன்பே வந்திருந்தாள்.

முதலில் பேசியவர்கள் எல்லாரும் வேலைவாய்ப்பு என்றார்கள். பிறகு நான். நான்கு நிமிடம். இரண்டு தேதி, ஏழு செடி, மூடிவைத்த ஒரு செடி. அதிகாரி அட்டையைத் திருப்பிப் பார்த்தார். "மிளகாச் செடியா சார்? இதுக்குப் பூச்சி வராதா?" வரும், ஆனால் பூச்சி உறையைப் பார்த்து ஒரு செடியை மட்டும் விட்டுவைக்காது என்றேன். சிலர் சிரித்தார்கள்.

மேனேஜர் எழுந்தார். வெள்ளைச் சட்டை, மென்மையான குரல். "பேராசிரியர் அய்யா மேல எங்களுக்கு மரியாதை உண்டு. ஆனா அவரு சொல்ற ரெண்டு நாளும் டூட்டியில இருந்தது அவரோட சொந்த மச்சினரே. அவரே வந்து சொல்லட்டும். சவரிமுத்து!"

சட்டைப் பையில் கை வைத்தேன்.

யாரும் எழவில்லை.

"சவரிமுத்து! வாங்க."

மின்விசிறிச் சத்தம். கம்பெனி வரிசையில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அதன்மேல் பிரிக்காத பொட்டலம். ஒருவர் மேனேஜரின் காதில் ஏதோ சொன்னார்.

"அவருக்கு உடம்பு சரியில்லையாம்" என்றார் மேனேஜர். குரலில் மென்மை குறைந்திருந்தது.

அதிகாரி: "அப்ப அந்த ரெண்டு தேதிக்கு மறுப்பு இல்லன்னு எழுதிக்கலாமா?"

"அப்பிடி இல்ல சார்..."

"ஆள் இல்லியே." எழுதினார். என் அட்டைகளைப் பெற்றுக்கொண்டதாகக் கையொப்பமிட்ட தாள் ஒன்று தந்தார். அவ்வளவுதான் நடந்தது. பிளான்ட் நிற்குமா என்று யாரும் சொல்லவில்லை.

என் கேள்வி சட்டைப் பையிலேயே இருந்தது. வெளியே வந்து பார்த்தால் மிளகாய் நொறுங்கிப் பொடியாகியிருந்தது. துணியைத் தாண்டி நெஞ்சில் தகிப்பு, மாலை வரை.

ரெ. பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தாள். மஞ்சக்குப்பம் தாண்டிய பின் கேட்டாள்: "அவன் ஏன் வரல?"

"தெரியல" என்றேன். வீட்டில் இப்போது நான்தான் பொய்யன்.

16-2, சனி

தெற்கு வரிசையில் வெளிறல், புதிதாக. 14ஆம் தேதிக் காற்று. மூன்றாம் முறை. தெ-4 பழுதில்லை.

சட்டையைத் துவைத்த ரெ.வின் கை மணிக்கட்டு வரை எரிகிறது. தயிர் தடவிவிட்டேன். "பையில என்னாத்த வெச்சிருந்தீங்க?" சொன்னேன்; மிளகாய் என்று. எதற்கு என்பதைச் சொல்லவில்லை. அவள் கையை என் கையிலிருந்து எடுக்கவும் இல்லை.

கடைசி ஒரு பழத்தைப் பிளந்து விதை எடுத்தேன். 31.

17-2, ஞாயிறு

மேகம். புழுக்கம்.

ச. பூசைக்கு வரவில்லை. சாப்பாட்டுக்கு வந்தான். வாசலில் குழம்பு வாசனை பற்றி ஒன்றும் சொல்லாமல் உள்ளே நுழைந்தான். ரெ. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நேராகப் பின்பக்கம் வந்தான்.

"ஸ்டோருக்கு மாத்திட்டாங்க மாமா. சாக்கு அடுக்கற எடம்."

"பதவி?"

"அதெல்லாம் எங்க." தொட்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தான். "நாலு தொட்டி குடுங்க."

"எதுக்கு மச்சான்?"

"கன்ட்ரோல் ரூம் வாசல்ல வெக்கறதுக்கு. அழகுக்குன்னு சொல்லிக்கறேன். எனக்குப் பதிலா வந்திருக்கறவனுக்கு மூக்கு நல்லா இருக்குது. இப்போதைக்கி."

இலை காட்டுவதற்கு ஒன்றரை நாள் ஆகும், அதற்குள் எல்லாரும் சுவாசித்து முடித்திருப்பார்கள் என்றேன்.

"ஒண்ணர நாள் பரவால்ல மாமா. எனக்கு ஆறு வருசம் ஆச்சு."

சமையல்கட்டு ஜன்னலில் கரண்டிச் சத்தம் நின்றது. ரெ. எவ்வளவு நேரமாக அங்கே நின்றாள் என்று தெரியவில்லை.

தெ-1, தெ-2, தெ-3 தூக்கிக் கொடுத்தேன். நான்காவதை அவனே எடுத்தான். தெ-4. உறையை அவிழ்த்து, மடித்து, என் கையில் கொடுத்தான்.